கோட்டைக்கு நாற்பது நிமிடம்

...நாற்பது நிமிடமாம், இத்தனை நூறு வருஷமாக அசையாமல் நிற்கிற கோட்டைக்கு நாற்பதே நிமிடம், அதில் ஏறப் பதினைந்து, இறங்கப் பத்து, மேலே நின்று பார்க்கப் பத்து, மிச்சம் ஐந்து தண்ணீர் குடிக்க, யாருக்கு வரும் இந்த மூளை, பஸ் டிப்போவில் உட்கார்ந்து இருபத்தெட்டு வருஷமாக வண்டிகளுக்கு நேரம் போட்டுப் போட்டு, கட்டின பெண்டாட்டியையும் ஒரு வண்டி என்றே நினைத்துவிட்டார் இந்த மனுஷன், என்று பல்லைக் கடித்துக்கொண்டு அவள் அடுத்த படியில் காலை வைத்தாள். முன்னால் அவருடைய முதுகு போய்க்கொண்டிருந்தது. ஐந்து நாளாக அவள் பார்த்த சரித்திரம் அந்த முதுகு ஒன்றுதான், கோபுரம், கல்லறை, மணிக்கூண்டு எல்லாம் அதற்கு இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தது. "வா வா, ரெண்டு நிமிஷம் லேட்டு" என்று திரும்பாமலே குரல் கொடுத்தார். யாருக்கு லேட்டு, மேலே ராஜா காத்துக்கொண்டிருக்கிறாரா, அவர் செத்து மண்ணாகி எத்தனை தலைமுறை ஆச்சு, காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு ஓடுவதற்கா லீவு எடுத்தது? கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்பார்கள், இங்கே குட்டிச்சுவரைப் பார்க்க டிக்கெட் வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறோம், கழுதையாவது நிதானமாக நிற்கும், அதற்கு யாரும் அட்டவணை போட்டுக் கையில் கொடுப்பதில்லை.

இன்றைக்கு விட்டால் அவரிடம் சொல்லவே முடியாது, சாயங்காலம் ரயில், நாளைக்குக் காலையில் வீடு, வீட்டில் அவருக்கு டிப்போ, அவளுக்கு ஆஸ்பத்திரி லேப், அதுவும் இன்னும் நாலே நாள்தான், அதற்கப்புறம் வேறு ஊர், ஏழு மணி நேரப் பயணம், புது ஆஸ்பத்திரி, லேப் முழுக்க அவள் பொறுப்பு. பத்தொன்பது வருஷம் அடுத்தவர்கள் கையெழுத்துப் போடுவதற்காக ரத்தம் சோதித்துக் கொடுத்தவள், இனி அவளே கையெழுத்துப் போடுவாள். பதினொரு நாளைக்கு முன்னால் சம்மதம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். அவருக்குத் தெரியாது. மகளுக்கு மட்டும் தெரியும், ஹாஸ்டலிலிருந்து போனில் அவள்தான் சொன்னாள், வீட்டில் வைத்துச் சொன்னால் அப்பா காதில் ஏறாது, போகிற இடத்தில் உட்கார வைத்துச் சொல்லிடும்மா என்று. எங்கே உட்கார வைப்பது? மணிக்கூண்டில் "ஏங்க, ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தாள், நாலு இருபதுக்குப் படகு என்றார். படகில் ஆரம்பித்தாள், கரையில் இறங்கினதும் இடது பக்கம் மூணாவது வாசல் என்றார். அறைக்குத் திரும்பினால் தலையணையில் தலை படுவதற்குள் குறட்டை. சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் ஐந்து நாள்... இதெல்லாம் ஒரு பிழைப்பா?

உச்சிக்கு வந்தாயிற்று. ஊரே காலடியில் கிடந்தது, ஓட்டுக் கூரைகள், ஆற்றின் வளைவு, உடைந்த மதில், காற்று புடவையைப் பிடித்து இழுத்தது, ஒரு நிமிடம் கோபம் கூட மறந்து நின்றாள், அப்போது பக்கத்தில் வந்து நின்றவர் ஆற்றைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்க்கவில்லை, கண்ணைச் சுருக்கிக்கொண்டு கீழே பஸ் நிலையத்தைப் பார்த்தார். "அந்த ரெண்டு வண்டியும் ஒண்ணு வாலை ஒண்ணு பிடிச்சுட்டுப் போகுது பாரு. பின்னாடி வண்டி காலியாத்தான் போகும். டைம் போட்டவன் சுத்த முட்டாள்." அப்படியே பிடித்துக் கீழே தள்ளிவிடலாமா என்றிருந்தது. ஆனால் யாரிடம் போய் இவரைப் பற்றிக் குறை சொல்வது, குடிப்பாரா, அடிப்பாரா, இருபத்தாறு வருஷத்தில் ஒரே ஒரு நாள் தாமதமாக வந்திருக்கிறாரா, வந்திருந்தால் அதற்காகவாவது நன்றாக ஒரு சண்டை போட்டிருக்கலாம். அவளுக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆனபோது இந்தப் பயண அட்டவணை மாதிரியே ஒரு தாளில் கோடு போட்டு எழுதிவிட்டார், காலையில் தங்கை, மதியம் மகள், ராத்திரி அவர், ஒன்பது நாளில் ஒரு நிமிடம் அவள் தனியாக இருக்கவில்லை, வார்டில் இருந்த நர்ஸ்கள் எல்லாம் கொடுத்து வைத்தவள் என்றார்கள். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதாள். தையல் வலிக்குதா என்று கேட்டார், ஆமாம் என்றாள். பொய். பயமாயிருக்கு என்று ஒரு தடவை அவர் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் போதும், தாளும் வேண்டாம் தங்கையும் வேண்டாம், இதை எப்படி விளக்குவது, விளக்கினால்தான் புரியும் என்றால் அது என்ன தாம்பத்தியம்?

"பத்து நிமிஷம் ஆச்சு." இறங்கினார்கள். அடுத்தது அரண்மனை, உள்ளே அருங்காட்சியகம், அதற்குத்தான் எல்லாவற்றையும் விட அதிக நேரம், ஒன்றரை மணி நேரம், தாராளப் பிரபு! வெயில் மண்டையைப் பிளந்தது, கல் பாவின தெருவில் செருப்பு தேய்ந்தது, அவர் கிட்டத்தட்ட ஓடினார், அவள் வேண்டுமென்றே மெதுவாக நடந்தாள், நிற்கட்டும், ஒரு நாளாவது வழி பார்த்து நிற்கட்டும். வாசலுக்கு வந்தபோது நிஜமாகவே நின்றுகொண்டிருந்தார். பெரிய மரக்கதவு சாத்தியிருந்தது. முக்காலியில் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்த காவலாளி, "செவ்வாய்க்கிழமை லீவு சார். ஊருக்கே தெரியுமே" என்றான். அவர் கதவைப் பார்த்தார், கையிலிருந்த தாளைப் பார்த்தார், மறுபடியும் கதவைப் பார்த்தார். "லீவா?" என்றார், அந்த வார்த்தையை இப்போதுதான் முதல் தடவையாகக் கேட்கிறவர் போல. "பஸ்ஸுக்கு ஏது வார லீவு... எனக்குத் தோணவே இல்லையே." நன்றாக வேண்டும், நல்லா வேணும், என்று அவள் மனசு குதித்தது, ஐந்து நாளில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது, உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள்.

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். தாளை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். அவளும் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள், கல் சுட்டது, காவலாளி ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டான். "என்னமோ சொல்லணும்னியே" என்றார் அவர். "மணிக்கூண்டுல. படகுலயும் ஆரம்பிச்ச. சொல்லு, என்ன?" அடப்பாவி, காதில் விழுந்திருக்கிறது! இரண்டு தடவையும் விழுந்திருக்கிறது, விழுந்தும் படகு, வாசல் என்று... ரத்தம் தலைக்கேறியது, சுடச்சுட நாலு வார்த்தை கேட்டுவிட்டு அதே மூச்சில் இதையும் சொல்லிவிடலாம், கையெழுத்துப் போட்டாச்சு, நாலு நாளில் போகிறேன், முடிந்தது விஷயம், வாயைத் திறந்தாள். வரவில்லை. என்ன இது, இவ்வளவு நாள் நேரம் கொடுக்கவில்லை என்றுதானே கொதித்தாள், இதோ கிடக்கிறது ஒன்றரை மணி நேரம், ஆள் இல்லை, ஓட்டம் இல்லை... வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்ற பயமா? அந்தப் பயத்தைத்தான் பதினொரு நாளாக மடியில் கட்டிக்கொண்டு அலைந்தாள், அதற்கு எத்தனை பதில் ஒத்திகை பார்த்து வைத்திருக்கிறாள், எனக்கும் ஒரு வாழ்க்கை இருக்கு, நான் என்ன உங்க வண்டியா, எல்லாம் தயார். ஆனால் இந்த மனுஷன் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். 'சரி' என்பார். எந்த ரயில் என்று கேட்பார். வெள்ளி சாயங்காலம் கிளம்பினால் ராத்திரி வந்துடலாம், ஞாயிறு மத்தியானம் திரும்பினால் சரியா இருக்கும், என்று இரண்டே நிமிடத்தில் அவள் இல்லாத வீட்டைக் கோடு போட்டு ஒழுங்கு பண்ணிவிடுவார், எங்கேயும் இடிக்காது, எங்கேயும் இடைவெளி விழாது. அதற்கு அவளிடம் பதில் இல்லை. அப்படியானால் அவர் தடுக்க வேண்டும் என்றுதான் கையெழுத்துப் போட்டாளா? சீச்சீ, இல்லை, அந்த லேப் வேண்டும், அந்த நாற்காலி அவளுடையது, அதில் சந்தேகமே கிடையாது... ஆனாலும்.

"அடுத்து எங்க போகணும்?" என்றாள். தன் குரல்தானா என்று அவளுக்கே திக்கென்றது.

"அடுத்து ஒண்ணும் இல்ல" என்றார் அவர், அவள் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்து. "ரயில் வரைக்கும் ஒண்ணுமே இல்ல. நீ சொல்லு."