வெட்டாத குழாய்

கிளிப் போடும் கருவியைக் கையில் வாங்கிய பிறகு உமாசுதன் தயங்கினார். தயங்குகிற ஆளா அவர்? இருபது வருடத்துக்கு மேலாக அறுவை மேசையருகே காலம் தள்ளியவர். குடல்வால், குடலிறக்கம், பித்தப்பை, எது வந்தாலும் அடுத்தவர் யோசித்து முடிப்பதற்குள் தையல் போட்டுவிடுவார் என்று மருத்துவமனை முழுக்கப் பேச்சு. அதைக் கேட்டுக் கேட்டு அவரே நம்பிவிட்டார். அதுதான் வம்பாகப் போயிற்று.

மேசையில் மயக்கத்தில் கிடந்தவர் மரியஅந்தோணி, தேக்கா சந்தை மாடியில் தையல்கடை வைத்திருப்பவர். பித்தப்பையில் கல். வலியை மாத்திரையில் அடக்கிக்கொண்டு, தீபாவளி ரவிக்கைகளை எல்லாம் தைத்துக் கொடுத்துவிட்டுத்தான் வந்து படுத்தார், மகராசன். அதற்குள் பை வீங்கிப் பழுத்து ஈரலோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

வயிற்றில் சின்னத் துளைகள் போட்டுக் கேமராவை விட்டிருந்தார்கள். திரையில் ஒரு குழாய் தெரிந்தது. பித்தப்பையிலிருந்து வரும் சின்னக் குழாய் என்றால் கிளிப் போட்டு வெட்ட வேண்டும். ஈரலிலிருந்து குடலுக்குப் போகும் பெரிய குழாய் என்றால் தொடவே கூடாது. தவறி வெட்டினால் மனிதன் மஞ்சளாகிப்போய், ஆபரேஷனுக்கு மேல் ஆபரேஷனாகி, உயிர் போனாலும் போகும். வீங்கிய வயிற்றுக்குள்ளோ இரண்டும் ஒரே மாதிரி இருந்து தொலைக்கும்.

“சின்னதுதான்,” என்று முணுமுணுத்தார். ஏறக்குறைய நிச்சயம். அந்த ஏறக்குறையதான் உறுத்தியது.

பக்கத்தில் நின்ற நர்ஸ் சுசீலா குரலைத் தாழ்த்தினார். “டாக்டர், பக்கத்து தியேட்டர்ல டாக்டர் தாரகா கேஸ் முடிச்சிட்டாங்க. கூப்பிடவா?”

“வேணாம்.”

தாரகாவையா? சரியாக அமையாத கேஸ்களை எல்லா டாக்டர்களும் கூடி அலசும் கூட்டத்தில், போன மாதம் உமாசுதனின் குடல் கேஸ் ஒன்று வந்தது. அத்தனை பேர் முன்னாலும் தாரகா கேட்டார்: “சந்தேகம் வந்தப்பவே ஏன் இன்னொருத்தரைக் கூப்பிடல?” வயதில் இளையவர். அன்றிலிருந்து லிஃப்டில் பார்த்தால்கூட உமாசுதன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இப்போது போய் அவரிடம் பல்லிளிப்பதா? மானம் என்று ஒன்று இருக்கிறதே.

கருவியின் வாயை விரித்துக் குழாயின்மேல் வைத்தார். அழுத்தினால் முடிந்தது. ஓர் ஓரத்திலிருந்து ரத்தம் கசிந்து இடத்தை மறைக்கத் தொடங்கியது. உறிஞ்சி எடுத்தார். மறுபடி கசிந்தது. மயக்க மருந்து டாக்டர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். உமாசுதனுக்குப் பிடரியில் வேர்த்தது. பயம். சத்தியமாகப் பயம்தான், அதற்கு வேறு பெயர் வைக்க அவருக்கே தெம்பில்லை.

கருவியை வெளியே எடுத்தார். “சுசீலா, அவங்களை வரச் சொல்லுங்க.”

தாரகா வந்தார். குத்தல் இல்லை, சிரிப்பு இல்லை. நேராகத் திரையருகே போய் நின்றார்.

“பையைக் கொஞ்சம் இடது பக்கம் இழுங்க.”

இழுத்தார்.

“இன்னும். இப்ப மேல.”

சின்னதுதான், வெட்டுங்க என்பார். இல்லாவிட்டால், பெரியதைப் போய் வெட்டப் பார்த்தீங்களே என்று குட்டுவார். உமாசுதன் இரண்டுக்கும் தயாராக நின்றார். தாரகா நெடுநேரம் பார்த்தார்.

“எனக்கும் தெரியல,” என்றார்.

உமாசுதனுக்குத் திக்கென்றது. அடுத்த நொடியே தோள் இரண்டும் லேசாயின. இரண்டு பேருக்கும் தெரியாததை வெட்டக் கூடாது, அவ்வளவுதானே.

“பையைத் திறந்து கல்லை எடுத்துருவோமா?” என்று கேட்டார்.

“அதான் சேஃப் லா. அடியை மட்டும் விட்டுட்டு மிச்சப் பையை எடுத்துத் தைச்சுருவோம். நானும் வரேன்,” என்று தாரகா கை கழுவப் போனார்.

எல்லாம் முடிந்தபோது வெளியே மரியஅந்தோணியின் மனைவி அற்புதமேரி ஜெபமாலையும் கையுமாக உட்கார்ந்திருந்தார். உமாசுதனைக் கண்டதும் எழுந்தார்.

“நல்லா இருக்காரும்மா. கல்லெல்லாம் எடுத்தாச்சு. ஆனா பையை முழுசா எடுக்க முடியல. அடியில கொஞ்சம் விட்டிருக்கோம். பின்னாடி தொந்தரவு குடுத்தா மறுபடி ஆபரேஷன் பண்ண வேண்டியிருக்கும்.”

அந்த அம்மாவின் முகம் சுருங்கியது. “உங்க கைக்குத்தான் போகணும்னு சர்ச்ல எல்லாரும் சொன்னாங்களே டாக்டர். முடியலைன்னா வேற யாரையாச்சும் கூப்பிட்டிருக்கலாமே?”

“கூப்பிட்டோம்மா. டாக்டர் தாரகா வந்து பாத்தாங்க. அவங்களும் வெட்ட வேணாம்னுட்டாங்க.”

அற்புதமேரி ஜெபமாலையைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தார். “அப்ப அடுத்த தடவைன்னு ஒண்ணு வந்தா, அவங்களே செய்யட்டும் டாக்டர். தப்பா எடுத்துக்காதீங்க.”

எரிந்தது. எரியாமல் எப்படி இருக்கும்? ஞாயிறு பூசை கலைவதற்குள், உமாசுதனால முடியலையாம் என்ற பேச்சு தேக்கா வரை போய்விடும். அறுந்திருந்தால் அந்தக் குழாய் ஊருக்கே தெரிந்திருக்கும். அறுபடாமல் அது பாட்டுக்கு உள்ளே தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதை இந்த அம்மாவுக்கு எங்கே போய்க் காட்டுவது?

“நானே அவங்ககிட்ட சொல்றேம்மா,” என்றார் உமாசுதன்.