மறக்காத ரத்தம்

அண்ணன் இறந்து மூன்று வருஷமாகியும், அவன் ரத்தத்தின் வெள்ளணுக்கள் தங்கை வேலை பார்த்த ஆய்வகத்தில் உறைந்து கிடந்தன. மூச்சு வாங்கத் தொடங்கிய காலத்தில் ஒருநாள் அவனே வந்து, "எடுத்து வச்சுக்க, உன் படிப்புக்காவது உதவட்டும்" என்று கையை நீட்டியிருந்தான். அவள் அணுக்களைப் பிரித்து, இரண்டு சின்னக் குழாய்களில் அடைத்து, திரவ நைட்ரஜனில் இறக்கினாள். அவனுக்குக் காசநோய் என்று மாத்திரை கொடுத்தார்கள். சளியில் கிருமி ஒருநாளும் அகப்படவில்லை. சிகரெட்தான் காரணம் என்றார்கள் சொந்தக்காரர்கள். தான் அதட்டி நிறுத்தியிருக்க வேண்டும் என்று அண்ணி உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தாள்.

அவன் வேலை செய்த பட்டறையிலிருந்தே இன்னொருவர் அதே இளைப்போடு ஆய்வகத்தை ஒட்டிய ஆஸ்பத்திரிக்கு வந்தார். சிகரெட்டைத் தொட்டே அறியாதவர். அங்கே செம்பில் பெரிலியம் என்ற உலோகம் கலந்த ஸ்பிரிங்குகளைச் சாணை பிடிக்கிறார்கள் என்று அவர் சொன்னதும், ஆய்வகத்துக்கும் தலைவரான பேராசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அந்தத் தூள் நுரையீரல்ல போய் உக்காந்துடும். எல்லாருக்கும் ஒண்ணும் ஆகாது. சிலரோட அணுக்கள் மட்டும் அதைப் பகையாளின்னு முடிவு கட்டிடும். கட்டினா மறக்காது. சுத்திச் சுத்திக் கூடி, கடைசியில நுரையீரலையே இறுக்கிடும்."

"ரத்தத்துல பெரிலிய உப்பைக் கலந்தா அணுக்கள் பெருகுமா சார்?"

"அடையாளம் தெரிஞ்சுக்கிட்டதுன்னா பெருகும்."

"எங்க அண்ணனோடது ரெண்டு குழாய் இருக்கு."

"போனவன் போனவன்தாம்மா. தெரிஞ்சு என்ன பண்ணப் போற?"

"அண்ணி நிம்மதியாத் தூங்கணும், சார்."

ஒப்பிட்டுப் பார்க்க உலோகத்தோடு சம்பந்தமே இல்லாத ஒருவரின் ரத்தமும் வேண்டியிருந்தது. "என்னோடதை எடு" என்று அண்ணி சேலைத் தலைப்பை ஒதுக்கினாள்.

தங்கை அண்ணனின் குழாய்களை வெதுவெதுப்பான நீரில் வைத்து உறைவை இளக்கினாள். பாதி அணுக்கள் செத்திருந்தன. மீதி, நுண்ணோக்கியின் கீழ் உருண்டையாக, பளபளவென்று உயிரோடு இருந்தன. ஒரு பங்கில் உப்பைச் சேர்த்தாள், ஒன்றைச் சும்மா விட்டாள், அண்ணியின் அணுக்களையும் அப்படியே பிரித்துச் சூட்டுப்பெட்டியில் வைத்தாள். முப்பத்தேழு டிகிரி. அண்ணனின் உடம்பில் ஒரு துளி மறுபடி சூடாக இருந்தது. தினமும் பெட்டியைத் திறக்கும் முன், உள்ளே தூங்குபவனை எழுப்பிவிடுவோமோ என்பதுபோல் கதவில் கை வைத்து நின்றாள். பெட்டியின் முனகலில் அண்ணனின் இருமல் கேட்டது. விசையை நிறுத்தித் திரும்பப் போட்டாள். அப்போதும் கேட்டது.

ஐந்தாம் நாள் உப்பில்லாத கிண்ணத்தில் அணுக்கள் சிதறிக் கிடந்தன. உப்பிட்டதில் கொத்துக் கொத்தாக ஒட்டிப் பெருகியிருந்தன; எண்ணினால் எட்டு மடங்கு. ஆளே இல்லை, அவன் பகை மட்டும் மிச்சமிருந்தது. அவள் நாற்காலியில் சாய்ந்து வாய்விட்டு அழுதாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணியின் உப்பிட்ட கிண்ணத்தைப் பார்த்தாள். அதிலும் கொத்துகள்.

தப்பாக ஊற்றிவிட்டோம் என்று நினைத்தாள். ஏதோ காரணம் சொல்லி மறுபடி ரத்தம் எடுத்து, முதலிலிருந்து செய்தாள். மறுபடியும் கொத்துகள். அதற்குமேல் மறைக்க முடியவில்லை.

"அண்ணனுக்கு சிகரெட்டால வரலை அண்ணி. பட்டறைத் தூள்தான்."

அண்ணி முகத்தை மூடிக்கொண்டாள். அவள் அழுது முடிக்கும்வரை காத்திருந்து மீதியையும் சொன்னாள்.

"நான் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாத்ததில்லையே!"

"அவரு சட்டையை யாரு துவைச்சாங்க?"

அண்ணி வெகுநேரம் தன் கைகளையே பார்த்தாள். "உதறி உதறித்தான் ஊற வைப்பேன். தூளு பறக்கும். தும்மிக்கிட்டே திட்டுவேன்." பிறகு சிரித்தாள், அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை. "தனியா ஒரு வாய் சாப்பிட மாட்டாரே. இதுலயும் எனக்குப் பங்கு வச்சுட்டுத்தான் போயிருக்காரு."

அண்ணியின் நுரையீரல் படத்தில் சில புள்ளிகள் மட்டுமே தெரிந்தன. சீக்கிரம் தெரிந்தது நல்லது, கண்காணித்துக்கொண்டே இருந்தால் மருந்தால் கட்டுப்படுத்தலாம் என்றார் டாக்டர். வீட்டில் மாட்டியிருந்த அண்ணனின் பட்டறைச் சட்டையை ஈரத்துணியால் சுற்றி, பையில் கட்டி அப்புறப்படுத்தினார்கள். அடுத்த வாரமே அண்ணி பட்டறைக்காரர்களின் வீடுவீடாகப் போய், ரத்தம் கொடுக்கப் பெண்களை அழைத்துவந்தாள். பதினொரு பேர்.

ஐந்து நாள் கழித்து நான்கு கிண்ணங்களில் கொத்துகள் இருந்தன. நான்காவது, நிறைமாதக்காரி ஒருத்தியுடையது. அவள் புருஷன் இன்னும் சாணை பிடித்துக்கொண்டிருந்தான். அன்று காலையும் வேலைக்குப் போயிருந்தான்.

"நான் போய் நிறுத்துறேன்" என்று அண்ணி செருப்பை மாட்டினாள்.