ஃபோர்க்லிஃப்டின் நெற்றி

மலேசியாவின் காப்பாரில் எங்கள் கையுறைத் தொழிற்சாலையில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட், மேனேஜர் விமலனின் காரை ரிவர்ஸிலேயே தள்ளிக்கொண்டு போய்ப் பக்கத்து மீன்குளத்தில் இறக்கியது ஆயுத பூஜைக்கு மறுநாள். காரை வெளியே இழுத்தபோது டிரைவர் சீட்டில் ஒரு கெளுத்தி பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது. நான் கண்ணால் பார்த்தேன். நம்பாதவர்கள் கெளுத்தியைத்தான் கேட்க வேண்டும்.

ஓட்டியவன் இராமலிங்கம். இருபத்திரண்டு வருஷ வேலையில் ஒரு கீறல் கிடையாது. வண்டியின் பின்பக்கம் புதிதாக ஒரு சென்சார் வைத்திருந்தார்கள். ரிவர்ஸில் ஏதாவது குறுக்கே இருந்தால் வண்டியை அது நிறுத்திவிடும். பூஜையன்று அதன்மேல் வடை அளவுக்குச் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமமும் வைத்துவிட்டான் இவன். சென்சாருக்குக் கண் மறைந்துவிட்டது.

விமலன் வேலைநீக்கக் கடிதத்தை அடித்துத் தயாராக வைத்திருந்தார். கையெழுத்துதான் பாக்கி. அதற்குள் சுபாங் ஜெயா தலைமையகத்திலிருந்து பாதுகாப்பை ஆராய ஷாமினி வந்துவிட்டாள்.

“யாரு செஞ்சாங்கன்னு கேக்க வரல பாஸ். ஏன் அங்க வச்சாருன்னு கேக்கணும்.”

“ஏன்னா அவனுக்கு மூளை இல்ல லா!”

இராமலிங்கம் தலையைச் சொறிந்தான். “பொட்டு நெத்தியிலதானே மேடம் வைப்பாங்க? வயித்துலயா வைப்பாங்க?”

ஷாமினி வண்டியைச் சுற்றி வந்தாள். முன்பக்கம் வெறும் இரும்புக் கொம்பு. பின்பக்கம்தான் முகம்: கண்ணாக இரண்டு விளக்கு, அவற்றுக்கு நடுவில், சற்று மேலே, அந்த வட்டச் சென்சார்.

கேண்டீனிலிருந்து சந்தனம் வரவழைத்தாள். பூஜையன்று ரிப்பேருக்குப் போயிருந்த இன்னொரு ஃபோர்க்லிஃப்டைக் கொண்டுவரச் சொன்னாள். பத்துப் பேரைத் தனித்தனியாகக் கூப்பிட்டு, “பொட்டு வைங்க” என்றாள். ஒருவர் வைத்ததைத் துடைத்துவிட்டுத்தான் அடுத்தவரைக் கூப்பிட்டாள். ஒன்பது பேர் சென்சார்மேலேயே வைத்தார்கள். பத்தாவது ஆள் யூனுஸ்.

“நமக்கு இந்தப் பழக்கம் இல்லக்கா. ஆனா வைக்கிறதா இருந்தா இங்கதான்” என்று சென்சாரைத் தொட்டுக் காட்டினான்.

“இப்ப நீங்க, பாஸ்.”

விமலன் கடிதத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஷூவைக் கழற்றினார். பக்தியாகச் சந்தனத்தைத் தொட்டு, சென்சாரின் நட்டநடுவில் வைத்து, கன்னத்திலும் போட்டுக்கொண்டார். அப்புறம்தான் விரலைப் பார்த்தார்.



“உங்களுக்கும் ஒரு லெட்டர் அடிக்கச் சொல்லவா பாஸ்?” என்றாள் ஷாமினி.

விமலன் கடிதத்தை எடுத்தார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலைத் துடைத்துக்கொண்டு, கசக்கிப் போட்டார்.

மறுவாரம் சென்சாரைக் கீழே பம்பர் பக்கம் இறக்கிவிட்டார்கள். நெற்றியை இராமலிங்கத்துக்கே விட்டுவிட்டார்கள்.