இறக்கைக்குள் விமலகுமாரி

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கதை தேடிப் போகவில்லை. ரப்பர் ஷீட் அடிக்கும் பழைய மிஷின் ஒன்று விலைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். பாறசாலையை அடுத்த கொல்லயிலில், சர்ச்சுக்குப் பின்னால் இறங்கும் வழியில் கனகதாஸின் வீடு. மிஷின் மழையில் நனைந்தபடி வெளியே கிடந்தது. அது இருக்கவேண்டிய ஷெட்டுக்குள் ஒரு விமானம் நின்றது.

[பொம்மை இல்லை. இரண்டு பேர் ஏறிப் பறக்கும் நிஜ விமானம். தகடும் குழாயுமாக மரப்பெட்டிகளில் அடைத்து வெளிநாட்டிலிருந்து அனுப்புவார்கள்; வாங்கியவர் வீட்டிலேயே கட்டிக்கொள்ளவேண்டும். நானும் அன்றுவரை கேள்விப்பட்டதில்லை.]

மிஷினை வாங்காமலே திரும்பினேன்.

2

முதலில் எழுதிய வரி: "கனகதாஸுக்குச் சின்ன வயதிலிருந்தே வானம் என்றால்..." வேண்டாம். வானத்தை அண்ணாந்து பார்த்தவர்கள் ஊரில் எத்தனையோ பேர். யாரும் எதையும் கட்டிவிடவில்லை.

அடுத்தது: "மஸ்கட்டில் விமானங்களைப் பழுதுபார்த்து, அங்கேயே ஓட்டவும் படித்துத் திரும்பிய கனகதாஸ், தன்னந்தனியாக..."

இங்கே கை நின்றுவிட்டது. தன்னந்தனியாக என்பது பொய். தகட்டோடு தகட்டை ரிவெட் அடித்துச் சேர்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளியே நின்று அடிப்பார். மற்றவர் உள்ளே கைவிட்டு, ரிவெட்டின் வால்முனையில் ஓர் இரும்புக்கட்டியை அழுத்திப் பிடிக்கவேண்டும். அந்தக் கட்டியில் மோதித்தான் வால்முனை நசுங்கி இறுகும். ஒரு விமானத்தில் ஆயிரக்கணக்கான ரிவெட்டுகள். கனகதாஸின் விமானத்தில் அத்தனைக்கும் உள்ளே இருந்து கட்டியைப் பிடித்தது அவர் மனைவி விமலகுமாரி.

ஆகவே கதையின் ஆள் மாறுகிறது. (இனி அவளை 'அவள்' என்றே எழுதுகிறேன். மரியாதைக் குறைவு இல்லை. நெருக்கமாக நிற்க வேண்டியிருக்கிறது.)

3

விமலகுமாரிக்கு நெய்யாற்றின்கரையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. சாயங்காலம் பஸ் இறங்கி வந்து, சாயா குடித்துவிட்டு ஷெட்டுக்குள் போவாள். முதல் வருஷம் முழுக்கப் போய் விமானத்தின் வால் மட்டும்தான் முடிந்தது. சர்ச்சில் பெண்கள், பிளேன் எப்போது வரும் என்று பஸ்ஸைப் பற்றிக் கேட்பதுபோலக் கேட்டார்கள். அவளும் சளைக்காமல், லேட்டாகும் என்று பதில் சொல்வாள்.

* பொறுமை என்ற சொல்லை இந்தப் பத்தியில் மூன்று முறை எழுதி மூன்று முறையும் அடித்துவிட்டேன். பொறுத்திருப்பது வேறு, தினமும் போய் வேலை செய்வது வேறு.

இடது இறக்கைக்கு வந்தபோது நான்காம் வருஷம். தோள்வரை கையை உள்ளே நுழைத்துக் கட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தவள், ஒரு வரிசை முடிந்ததும் வழக்கம்போல விரலால் தடவிப் பார்த்தாள். வால்முனைகள் நசுங்கி உட்காராமல் ஒரு பக்கமாக மடங்கிக் கிடந்தன. சின்னக் கண்ணாடியை நீட்டி டார்ச் அடித்தும் பார்த்தாள். வரிசை முழுக்க அப்படித்தான். கனகதாஸ் அவசரத்தில் நீளம் கூடிய ரிவெட்டுகளை எடுத்துவிட்டார்.

வெளியே தகடு வழவழவென்று இருந்தது. ஒரே ஒரு வரிசைதானே, தாங்கும், பிரித்தால் துளைகள் பெரிதாகி இறக்கையே கெட்டுவிடும் என்றார் அவர்.

"வெளிய நின்னு பாத்தா நல்லாத்தான் இருக்கும். உள்ள பாக்கியது நானாக்கும்" என்றாள்.

பறக்கப்போவது நான், பயம் எனக்குத்தானே இருக்கவேண்டும் என்று அவர் எரிந்து விழுந்தார்.

விமலகுமாரி கட்டியை மேஜைமேல் வைத்தாள். "பக்கத்து சீட்டு ஆருக்கு? இதில நானும் ஏறுவேன். இந்த வரியை வச்சுக்கிட்டு ஏறமாட்டேன்."

[இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. இத்தனை வருஷத்தில், தானும் ஏறுவேன் என்பதை அவள் ஒருமுறைகூடச் சொல்லாமல் இருந்திருப்பாளா? அவளிடமே கேட்டேன். அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லையே என்றாள்.]

4

அதற்குப் பிறகு பல மாதம் ஷெட் பூட்டிக் கிடந்தது. கனகதாஸ் விமானத்தை விற்றுவிடப்போவதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்த கையோடு விமலகுமாரி ஷெட்டைத் திறந்தாள். கழிவுத் தகட்டைக் கட்டியின்மேல் வைத்து ரிவெட்டுகளை அவளே அடித்து, அவளே டிரில் போட்டு எடுத்துப் பழகினாள். துளை பெரிதாகாமல் எடுக்கக் கை படிய ஒரு மழைக்காலம் ஆயிற்று. பிறகுதான் இறக்கையில் டிரில்லை வைத்தாள்.

பாதி வரிசை எடுத்திருந்தபோது கனகதாஸ் வாசலில் வந்து நின்றார். துளைகளை ஒவ்வொன்றாக அளந்து பார்த்தார். ஒன்றுகூடப் பெரிதாகியிருக்கவில்லை. மன்னிப்பு என்று எதுவும் அவர் கேட்டதாகத் தெரியவில்லை. சரியான நீளத்துப் பெட்டியைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார். அவள் கையை உள்ளே நுழைத்தாள்.

இன்னும் நான்கு வருஷம் போனது. விமானத்தைச் சோதிக்க வந்த ஆய்வாளர், இறக்கைக்குள் கண்ணாடியை விட்டு வெகுநேரம் பார்த்தார். உள்ளே யார் பிடித்தது என்று கேட்டார்.

"இவளாக்கும்" என்றார் கனகதாஸ். "நான் வெளிய நின்னு அடிச்சேன், அவ்வளவுதான்."

அதை என்னிடம் சொல்லும்போது விமலகுமாரி நேராக நிமிர்ந்து உட்கார்ந்தாள். அடக்கமாகச் சொன்னாள் என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். பெருமையோடுதான் சொன்னாள்.

5

என்னிடம் இரண்டு முடிவுகள் இருந்தன. ஒன்றில் நடுவானில் என்ஜின் நின்றுபோகிறது. மற்றதில் விமானம் கொல்லயிலுக்கு மேலே வட்டமடிக்கிறது. கிண்டல் பேசியவர்கள் மொட்டைமாடியில் நின்று கையசைக்கிறார்கள். இரண்டையும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

முதலாவதற்கு அவள் முகத்தைச் சுளித்தாள். இரண்டாவதற்குச் சிரித்துவிட்டாள். அவர்கள் கையசைக்க மாட்டார்களாம், மைலேஜ் கேட்பார்களாம்.

விமானத்தை லாரியில் ஏற்றி ஓர் ஓடுதளத்துக்குக் கொண்டுபோய், விதிப்படி செய்யவேண்டிய சோதனைப் பறப்புகளையெல்லாம் கனகதாஸ் தனியாக முடித்துவிட்டார். இனி பக்கத்து சீட்டில் ஆள் ஏறலாம். அது சனிக்கிழமைக்கு என்று வைத்திருந்தார்கள்.

"பறக்கியத நீங்க எழுதண்டாம் சார்" என்றாள் விமலகுமாரி. "நானே இன்னும் பாக்கல்ல. எனக்கு முந்தி நீங்க எப்பிடிப் பாப்பீங்க?"

இன்று சனிக்கிழமை. இந்நேரம் அவள் பெல்ட்டைப் போட்டிருப்பாள். "விமானம் எழும்பிய..."

இல்லை, எழுதமாட்டேன். முடிவு வேண்டும் என்கிறவர்கள் கொல்லயிலுக்குப் போய் அவளிடமே கேட்டுக்கொள்ளுங்கள். சொல்லி முடிக்க நேரமாகும். அவசரமில்லாத நாளாகப் பார்த்துப் போங்கள்.