முதல் தண்ணீர்

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. வர வேண்டிய நேரம்தான். உள்ளே என் தம்பி கண்ணும் நகமும் மஞ்சள் பூத்துக் கிடந்தான். தட்டி எழுப்பினாலும் விழிக்கவில்லை. நானோ எதிர்ச் சுவரில் பெயின்ட் உரிந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மனசு மரத்துப் போய்விட்டது என்று சொல்வார்களே, அதேதான்.

என் பிழைப்பு இலைகளோடு. மஞ்சள் காமாலைக்கு என்று பெரியவர்கள் கொடுத்துவந்த ஒரு கசப்பு இலை ஈரலுக்கு நிஜமாகவே நல்லதா என்று ஆய்வகத்தில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்கிறேன். அதனால் தம்பிக்கு நான் 'எலி டாக்டர்'. இலையை அரைக்க இவ்வளவு படிப்பா என்று சித்தப்பா வாயெல்லாம் பல்லாகக் கேட்பார். மாடாய் உழைத்து வராத மரியாதை, டிவியில் முகம் காட்டிய அன்று ஒரே நாளில் வந்தது.

அந்தப் பேட்டியில் நான் ஒன்றும் அள்ளிவிடவில்லை. இலையைக் கொதிக்கவைத்த முதல் தண்ணீரில் ஈரலையே கெடுக்கும் ஒரு நஞ்சு இறங்கிவிடுகிறது, அதை வடித்துக் கொட்டிவிட்டு மறுபடி கொதிக்கவைத்து எடுத்த சாறுதான் எலிகளுக்கு உதவியது, மனிதர்களுக்கு இன்னும் கொடுத்துப் பார்க்கவில்லை, தயவுசெய்து யாரும் வீட்டில் முயல வேண்டாம் என்று விலாவாரியாகச் சொன்னேன். அவர்கள் போட்டது 'ஈரலைக் காக்கும் இலை' என்ற தலைப்பும் நான் பல்லைக் காட்டிச் சிரித்ததும் மட்டும். போன் போட்டுக் கத்தினேன். நேரம் போதவில்லை மேடம் என்றார்கள்.

தம்பிக்கு ஈரலில் கொஞ்சம் கொழுப்பு சேர்ந்திருந்தது. வாயைக் கட்டினாலே சரியாகியிருக்கும். அம்மா என்னிடம் மூச்சுக்கூட விடாமல் இலைக்கு ஏற்பாடு செய்திருக்கிறாள். மகன் குணமான பிறகு சொல்லி என்னைப் பூரிக்க வைக்க வேண்டும் என்று ஆசை. இப்படி ஒரு அம்மாவிடம் எப்படிக் கோபப்படுவது?

டாக்டரம்மா வெளியே வந்து, வேறு ஏதாவது மருந்து சாப்பிட்டாரா என்று கேட்டார். அம்மா சட்டென்று எழுந்தாள்.

"இவ கண்டுபிடிச்ச மருந்துதாங்க. தினம் வெறும் வயித்துல ஒரு டம்ளர் குடுத்தேன்."

எப்படிக் காய்ச்சினாய் என்று கேட்டேன். என் குரல் எனக்கே யாருடையதோ போல் இருந்தது.

"நல்லா சுண்டக் காய்ச்சினேன். சத்தெல்லாம் அந்தத் தண்ணியிலதானே இறங்கும்? சக்கையத் தூக்கிப் போட்டுட்டேன்."

தெரியாது என்று சொல்லிவிடலாமா என்று இருந்தது. உண்மையைச் சொன்னால் அம்மா உடைந்துபோவாள். சொல்லாவிட்டால் எதற்கு வைத்தியம் பார்ப்பது என்றே டாக்டரம்மாவுக்குத் தெரியாது. அம்மா பக்கம் திரும்பாமல், முதல் தண்ணீர் ஈரலை என்ன செய்யும் என்பதைக் கருத்தரங்கில் பேசுவதுபோல ஒப்பித்தேன். பக்கத்தில் அம்மா மெல்ல உட்காரும் சத்தம் கேட்டது. அப்போதும் எனக்கு எதுவும் தோன்றவில்லை.

டாக்டரம்மா குறித்துக்கொண்டார்.

"மாற்று ஈரலுக்கு இப்பவே சொல்லணுமா, கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாமான்னு நான் முடிவு பண்ணணும். அந்தத் தண்ணிய நிறுத்தினா ஈரல் தானா தேறிடுமா? உங்க எலிங்களுக்கு என்ன ஆச்சு?"

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"சொல்லேன்டி. நிறுத்தினதும் அதுங்க பொழச்சுதா?"

எலியின் ஈரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று அறுத்துத்தான் பார்ப்போம். ஆய்வு முடிகிற அன்று கூண்டுகள் எல்லாமே காலியாகிவிடும். தேறுமா என்று காத்திருந்து பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

"தெரியலம்மா," என்றேன். "எதையும் நாங்க உயிரோட விட்டு வைக்கல."