ஒலக்கூர் அம்சா நாமினேஷன் போட்ட கதை

விழுப்புரத்துத் திருமண மண்டபத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் இவர்கள்தான்: ஒலக்கூர் தாண்டவராயன், அவர் மனைவி அம்சா, மகன் கோகுலகிருஷ்ணன்; திருவெண்ணெய்நல்லூரிலிருந்து வந்த சீனுவாசன், அவர் மனைவி செண்பகம், கோகுலுக்குப் பேசி வைத்திருந்த அவர்கள் மகள் வெண்ணிலா. வேறு எவராவது கூட இருந்து பார்த்ததாகச் சொன்னால் நம்ப வேண்டாம்.

போன பத்தாண்டில் விருது வாங்கிய படங்களையும் விருதுக்குப் பரிந்துரையான படங்களையும் ஒரு திரைப்படச் சங்கத்தார் அங்கே திரையிட்டுக்கொண்டிருந்தார்கள். தாண்டவராயன் குடும்பம் சினிமாவுக்கு அலைகிற குடும்பம் அல்ல. கோயில் திருவிழாவில் முதல் மரியாதை வாங்குகிற குடும்பம். அவர் வேட்டி மடிப்புக் கலையாமல், முதுகு நாற்காலியில் படாமல் உட்கார்ந்திருந்தார். அவரை அங்கே கொண்டுவந்து உட்கார வைத்தது ஒரே ஒரு வார்த்தை.

முந்தின வாரம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இந்தத் திரையிடலின் நோட்டீஸைப் பார்த்த கோகுல், பூரிப்புத் தாங்காமல், "எங்கம்மாவுக்கு நாமினேஷன் ஆச்சு, தெரியுமா?" என்று சொல்லிவிட்டான். பஞ்சாயத்துத் தேர்தல் பேச்சு அடிபடுகிற நேரம். ஒலக்கூர் பக்கத்தில் நாமினேஷன் என்றால் வேட்புமனு. வேறு அர்த்தம் கிடையாது. மறுநாள் காலையில் வாசலில் இரண்டு பேர் பொன்னாடையோடு நின்றார்கள்.

"பூட்டு சாவி சின்னம் கேளுங்க அண்ணி, ராசியானது" என்றார் ஒருவர்.

அதைச் சிரித்துத் தள்ளியிருக்கலாம். ஆனால் அடுத்த பஸ்ஸில் சீனுவாசன் வந்து இறங்கினார். கொடுத்த தண்ணீரைத் தொடவில்லை.

"சம்பந்தின்னு கூப்புட வாய் வர்லீங்க. எங்க அண்ணன் எலக்சன்ல நின்னு வூடே ரெண்டாப் போச்சு. அப்பவே முடிவு பண்ணிட்டேன், எலக்சன் வூட்டுல பொண்ணு குடுக்கறதில்லன்னு. அம்மா நாமினேஷன் போட்டுட்டாங்களாமே?"

"எவன் சொன்னான்?"

"திண்டிவனமே பேசிக்கினு கீது."

கோகுல் கதவோரம் நின்று அப்பாவின் வாயையே பார்த்தான். வெண்ணிலா இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்று அவன் ஏற்கெனவே சொல்லியிருந்தான். உண்மையைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். ஆனால் அந்த வாக்கியம் வாசற்படி தாண்டக்கூடாது என்று இத்தனை வருஷமாகக் கட்டுப்பாடு போட்டிருந்தவரே தாண்டவராயன்தான். ஒரு கோடையில் அம்சா தார் ரோட்டில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, காயவைத்திருந்தபோது, அங்கே படம் பிடித்தவர்களின் கேமராவில் அவளும் விழுந்துவிட்டாள். அந்தத் துண்டுக் காட்சியை இயக்குநர் படத்தில் அப்படியே வைத்தார். சிறு வேட விருதுக்கு அவள் பெயரும் பரிந்துரையானது. விருது வரவில்லை. நம் வீட்டுப் பெண் சினிமாவிலா என்று கொதித்துப்போன தாண்டவராயன் அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லை.

"எலக்சன் இல்லீங்க" என்றார். வாசலில் யாரும் இல்லையே என்று எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சினிமா."

"சினிமாவா! அவங்களா?"

"நம்பலன்னா ஞாயித்துக்கெழம விழுப்புரம் வாங்க. கண்ணால பாத்துட்டு முடிவு சொல்லுங்க."

உள்ளிருந்து அம்சாவின் குரல் வந்தது. "செண்பகத்தையும் கூட்டிக்கினு வாங்க. பாக்கறதுன்னு ஆச்சு, எல்லாருமே பாத்துடுங்க."

அப்படித்தான் ஆறு பேரும் விழுப்புரம் வந்து சேர்ந்தார்கள்.

இடைவேளைக்குப் பிறகு திரையில் ஒலக்கூர் ரோடு வந்தது. தாண்டவராயன் கண்ணை மூடிக்கொண்டார். போலீஸ் உடுப்பில் கதாநாயகன் போனில் பேசியபடி மல்லாட்டை மேல் நடந்தான். முறத்தோடு அம்சா பாய்ந்து வந்தாள்.

"யோவ்! கண்ணு இன்னா முதுவுலயா கீது? போலீஸ்னா மல்லாட்ட மேல நடப்பியா? உங்கம்மா வடாம் போட்டா பூட்ஸ் காலோட ஏறுவியா? எறங்குடா கீழ!"

கதாநாயகன் மிரண்டுபோய் பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினான். மண்டபம் அதிர்ந்தது. அந்தச் சத்தத்தில் தாண்டவராயன் கண்ணைத் திறந்தார். திரையில் அம்சா ஒரு பிடி மல்லாட்டையை அள்ளி அவனிடம் நீட்டிக்கொண்டிருந்தாள். "இந்தா, துன்னு. வெயில்ல சுத்தனா கண்ணு எப்பிடித் தெரியும்?"

நடிப்பு ஒரு துளி இல்லை. தாண்டவராயன் தினமும் வாங்குகிற அதே திட்டு, அதற்குப் பிறகு வருகிற அதே சோறு. கூட்டம் முழுவதும் கைதட்டியது. அவர் பின்வரிசையில் இருந்தவரிடம் திரும்பி, "மல்லாட்டையும் எங்களுதுதான்" என்றார்.

சீனுவாசன் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "சம்பந்தி, இவங்க எலக்சன்ல நின்னா எதுர்ல எவன் நிப்பான்?"

"நீங்க மட்டும் இன்னா?" என்றாள் அம்சா. "அன்னிக்கு எங்க வாசல்ல செருப்போட மல்லாட்ட மேலதான் நின்னீங்க. சம்பந்தியாச்சேன்னு வாய மூடிக்கினு இருந்தேன்."

"அத்தை, எனக்கும் இந்த மாதிரி திட்டக் கத்துக்குடுங்க" என்றாள் வெண்ணிலா. கோகுலின் முகத்தைப் பார்த்துச் செண்பகம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தட்டு மாற்ற அங்கேயே நாள் குறித்தார்கள்.

அன்று மண்டபத்தில் தாண்டவராயன் விசிலடித்தார் என்று திண்டிவனத்தில் ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். விசிலடித்தவர் சீனுவாசன். தாண்டவராயன் நாற்காலி மேல் ஏறி நின்று கை மட்டும்தான் தட்டினார்.