இடது பக்கம்

பொத்தான்களை எல்லாம் போட்டாயிற்று. காலரையும் சரி செய்தாயிற்று. சட்டைப் பையின் சுருக்கத்தை நீவிவிடப் போன கை மட்டும் பாதியில் நின்றுவிட்டது. பை இடது பக்கம் இருந்தது.

"தள்ளும்மா, நான் பண்றேன்" என்றாள் மகள்.

அம்மா நகர்ந்து இடம் கொடுத்தாள். கட்டிலில் கிடந்த கணவருக்கு அந்த நீலச் சட்டை கொஞ்சம் பெரிது. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த காலத்தில் தைத்தது. ஓய்வு பெற்ற பிறகு உடம்பு வற்றிவிட்டது. காலையில் சமையலறை நாற்காலியிலேயே உயிர் போய்விட்டது. டாக்டர் வந்து பார்த்து, கண்களை மூடிவிட்டு, எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். வண்டி சாயங்காலம் வரும். அதுவரை ஹாலில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு டீ கொடுப்பதும் செருப்புகளைத் தாண்டி நடப்பதும்தான் வேலை.

மகள் மதியம் வந்தாள். அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். அம்மாவின் பக்கம் மட்டும் திரும்பவில்லை. துக்கத்தில் அப்படித்தான் இருக்கும் என்று அம்மா தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டாள். அந்தச் சமாதானம் ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

"ஒண்ணு கேக்கணும்" என்றாள் மகள், சட்டைப் பையிலிருந்து கண்ணை எடுக்காமல். "காலையில அப்பாவைத் திட்டினியா?"

"யார் சொன்னா?"

"பக்கத்து வீட்டு ஆன்ட்டி. நான் படியேறும்போதே பிடிச்சுக்கிட்டாங்க. செத்துத் தொலைங்கன்னு நீ சொன்னது அவங்க வீடு வரைக்கும் கேட்டுச்சாம். அப்புறம் சிரிச்சியாம்."

"சொன்னேன்" என்றாள் அம்மா. "சிரிக்கவும் செஞ்சேன்."

மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் அவள் எம்.ஏ. அம்மா. இன்னும் எம்.ஏ. ஆகவில்லை என்பது வேறு விஷயம். ஐம்பது வயதுக்கு மேல் தபால் வழியில் ஆங்கில இலக்கியம் படிக்கக் கிளம்பியவளுக்குச் சும்மா இருக்கிறவர்கள் வைத்த பெயர் அது. மற்ற தாள்களை எல்லாம் எப்படியோ தாண்டிவிட்டாள். ஒரே ஒரு தாள் காலை வாரிவிட்டது. அதில் வருவது, நாடு கடந்து திரிந்த ராஜா இங்கிலாந்துக்குத் திரும்பி வந்து, மூடிக் கிடந்த நாடகக் கொட்டகைகளைத் திறந்துவிட்ட காலம். அதற்குப் பின்னால் வந்த, எதற்கெடுத்தாலும் பகுத்தறிவு பேசிய காலம். பொய் முடி வைத்த ஆண்கள், விசிறிக்குப் பின்னால் கண்ணடிக்கும் பெண்கள், காப்பிக் கடையில் உட்கார்ந்து ஊரையே கிழிக்கும் புலவர்கள். படித்தால் சிரிப்பு வரும். பரீட்சையில் எழுத உட்கார்ந்தால் ஒன்றும் வராது.

"நடிச்சா மனசுல நிக்கும்" என்று யோசனை சொன்னவர் கணவர்தான். காட்சியை அவள் தமிழில் சொல்ல வேண்டும், இரண்டு பேரும் நடிக்க வேண்டும். காலை டீயோடு தினமும் இந்தக் கூத்து. அவருக்குப் பிடித்த வேஷம் ஒரு கிழட்டு வியாபாரி. இளம் மனைவியின் மனதைச் சோதிக்க அவன் மாரடைப்பு வந்ததுபோல் சாய்வான். மனைவிக்குத் திருட்டுத்தனம் தெரியும். வேண்டுமென்றே, "செத்துத் தொலைங்க, வாசல்ல ஆள் காத்திருக்கு" என்பாள். கிழவன் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்ப்பான். அந்த இடம் வந்தால் கணவர் நாற்காலியில் கிடந்தபடி வலது கண்ணை மட்டும் மெல்லத் திறப்பார், இவள் சிரிக்கிறாளா என்று பார்க்க. ஒரு நாள்கூட இவள் சிரிக்காமல் இருந்ததில்லை.

இதையெல்லாம் அம்மா தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தாள்.

மகளின் முகம் இளகியது. "பாடமா? கடவுளே, நான் என்னென்னமோ நெனச்சிட்டேன். அந்த ஆன்ட்டிகிட்ட நான் போய்ச் சொல்றேன், இரு."

அதோடு விட்டிருக்கலாம். மகள் கிடைத்துவிட்டாள், பழி போய்விட்டது. ஆனால் நெஞ்சில் கிடந்தது அது இல்லையே.

"அப்பா எப்பவும் வலது பக்கம்தான் பிடிப்பாரு" என்றாள் அம்மா.

"எதை?"

"நெஞ்சை. நெஞ்சு வலின்னு நடிக்கறப்ப வலது பக்கத்தைப் பிடிச்சுக்கிட்டு விழுவாரு. லிஃப்டுல எந்த ஒயர் எங்க போகுதுன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்வீங்க, இதயம் எந்தப் பக்கம்னு தெரியாதான்னு தினம் கேலி பண்ணுவேன். மறுநாளும் வலதுதான். நான் கேலி பண்ணணும்னே பிடிப்பாரு."

மகளின் கை சட்டைப் பையின் மேல் நின்றது.

"இன்னைக்கு இடது பக்கம் பிடிச்சாரு" என்றாள் அம்மா. "நான் கை தட்டினேன்டி. இன்னைக்குத்தான் சரியாப் பண்ணீங்கன்னு சொன்னேன். அப்புறம் என் வசனத்தைச் சொல்லி, சிரிச்சுக்கிட்டே டீயை வடிகட்டத் திரும்பிட்டேன். கண்ணைத் திறப்பாருன்னு முதுகைக் காட்டிக்கிட்டே காத்திருந்தேன். உடனே திரும்பினா சுவாரசியம் போயிடும்னு வேணும்னே நின்னேன்."

கை தட்டியது அவருக்குக் கேட்டிருக்கும். அதை என்னவென்று எடுத்துக்கொண்டு போனார் என்பதுதான் அவளை அரித்துத் தின்றது. அதற்குப் பதில் எந்தப் புத்தகத்திலும் இல்லை. தெரிந்த ஒரே ஆள் பேசாமல் கிடக்கிறார்.

ஹாலில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண்மணி இரண்டு டம்ளரோடு வந்து அறை வாசலில் நின்றாள். "ரெண்டு பேரும் டீ குடிங்க, காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலையே" என்றாள். நிஜமான அக்கறைதான். கண் மட்டும் அம்மாவின் முகத்திலேயே இருந்தது. மகள் டம்ளர்களை வாங்கி மேஜைமேல் வைத்தாள். அந்தப் பெண்மணி நகரவில்லை. அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

"அம்மா" என்றாள் மகள் மெதுவாக. "அப்பாவோட கண்ணு."

டாக்டர் மூடிய வலது கண் எப்போதோ கோடு மாதிரி திறந்துகொண்டிருந்தது. மகள் அதை மூடக் கையை நீட்டினாள்.

"வேணாம், இருக்கட்டும்" என்றாள் அம்மா.

எழுந்து நாற்காலியைக் கட்டிலின் மறுபக்கம், அந்தக் கண்ணுக்கு நேராகக் கொண்டுபோய்ப் போட்டாள். உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். பிறகு அவரைப் பார்த்துச் சிரித்தாள். முதலில் உதடு மட்டும்தான் அசைந்தது. பிறகு சத்தம் வந்தது.

வாசலில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மகள் எழுந்துபோய் அவர்கள் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினாள்.